ஒதுக்கப்பட்ட கிளாத்தி மீன் உணவாகிறது

கடலோர மாவட்டங்களின் சந்தைகளில் கருநீல நிறமும், தட்டையான உடலும், பிறை போன்ற வாலும் கொண்ட ஒரு மீன் குவியல் குவியலாக விற்பனைக்கு வருவதைப் பலர் கண்டிருக்கலாம். விலை மலிவு. ஆயினும் கையில் எடுத்துப் பார்த்தவர்களில் பாதிப்பேர் திரும்பவும் கூடையிலேயே போட்டுவிடுகிறார்கள். காரணம் அதன் தோல். செருப்புத் தோலைப் போன்ற தடிப்பும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பும் கொண்ட இந்த மீனை எப்படிச் சமைப்பது என்ற மலைப்பு ஏற்படுவது இயற்கையே. இதுதான் கிளாத்தி மீன்.

முன்பு விசைப்படகுகளின் இழுவலையில் இது அகப்பட்டால் கரைக்குக் கொண்டு வராமல் கடலிலேயே வீசிவிடுவது வழக்கமாக இருந்தது. பின்னர் கருவாட்டுக்கும் மீன் மாவு ஆலைக்கும் போயிற்று. கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் கேரளம், கர்நாடகம், தென் தமிழகக் கடற்கரைகளில் இது மிகுதியாகக் கிடைக்கத் தொடங்கியதும், தோலை உரித்தால் உள்ளே இருப்பது நல்ல வெள்ளைச் சதை என்பதை மக்கள் கண்டுகொண்டனர். குறைந்த செலவில் வீட்டுக்குப் புரதம் தேடும் சிறு விவசாயக் குடும்பங்கள் இந்த மீனைப்பற்றி அறிந்து வைத்திருப்பது பயன் தரும். அதே வேளையில் வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் காண்போம்.

பெயரும் உருவமும்

கிளாத்தி என்பது ஒரே மீனின் பெயர் அன்று. பாலிஸ்டிடே என்னும் குடும்பத்தில் ஏறக்குறைய 40 வகை மீன்கள் உள்ளன. இவற்றில் பலவற்றையும் நம் மீனவர்கள் பொதுவாகக் கிளாத்தி என்றே அழைக்கிறார்கள். அவற்றுள் நம் கரையில் பெருவாரியாகக் கிடைப்பது ஓடோனஸ் நைகர் என்ற விஞ்ஞானப் பெயர் கொண்ட கறுப்புக் கிளாத்தி. செங்கடலில் கிடைத்த மீனைக் கொண்டு 1836-ஆம் ஆண்டில் ரூப்பெல் என்ற ஜெர்மானிய இயற்கை அறிஞர் இதை முதன்முதலில் விவரித்தார். நைகர் என்றால் லத்தீன் மொழியில் கறுப்பு என்று பொருள். ஆனால் உயிரோடு நீந்தும்போது இது கறுப்பு அல்ல. கருநீலமும் ஊதாவும் கலந்த நிறம். முகம் மட்டும் சற்றுப் பசுமை கலந்த வெளிர்நீலம். கரைக்கு வந்த பிறகே கறுத்துப் போகிறது.

செங்கடலிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் தொடங்கி, இந்து மாக்கடல் முழுவதும் பரவி, கிழக்கே பசிபிக் கடலின் சொசைட்டி தீவுகள் வரையிலும், வடக்கே தென் ஜப்பான் வரையிலும் இம்மீன் காணப்படுகிறது. நம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளும் கன்னியாகுமரிக் கடலின் பாறைத் திட்டுகளும் இதற்கு ஏற்ற இடங்கள். பெரும்பாலும் 5 முதல் 40 மீட்டர் ஆழத்தில், நீரோட்டம் மிகுந்த பாறைச் சரிவுகளுக்கு மேலே பெருங் கூட்டமாகத் திரியும். 50 செ.மீ. நீளம் வரை வளரக்கூடியது. எனினும் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் அதில் பாதி அளவே இருக்கும்.

வாயைத் திறந்து பார்த்தால் இதை உடனே இனம் காணலாம். பற்கள் சிவப்பு நிறம். மேல் தாடையில் இரண்டு பற்கள் வாயை மூடினாலும் வெளியே தெரியும். வெற்றிலை போட்ட கிழவியின் பல் என்று கேலியாகச் சொல்லத் தோன்றும். வாலின் இரு முனைகளும் நீண்டு இழைபோல் தொங்கும்.

விசை முள்

இந்த மீனுக்கு ஆங்கிலத்தில் துப்பாக்கி விசையின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் முதுகில் உள்ள முட்கள். முதல் முள் தடித்து உறுதியாக இருக்கும். அதற்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு சிறு முள், அதற்கும் பின்னால் இன்னும் சிறியதாக ஒன்று. மீன் முதல் முள்ளை நிமிர்த்தியதும் இரண்டாவது முள் அதன் அடியில் ஆப்புப்போல் வந்து முட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முதல் முள்ளை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் மடக்க முடியாது. முள் ஒடிந்தாலும் ஒடியுமே தவிர மடங்காது. ஆனால் இரண்டாவது முள்ளை விரலால் லேசாக அழுத்தினால் போதும், பெரிய முள் தானாகவே படுத்துவிடும். தாழ்ப்பாளில் செருகிய முளையை உருவினால் கதவு திறந்துகொள்வது போன்றது இது.

இந்த அமைப்பு மீனுக்கு எதற்கு? ஆபத்து வந்ததும் கறுப்புக் கிளாத்தி பாறைப் பொந்துக்குள் தலைகீழாகப் பாய்ந்து நுழைந்துகொள்ளும். உள்ளே போனதும் முதுகு முள்ளை நிமிர்த்தி, வயிற்றின் அடியில் உள்ள இடுப்பெலும்பையும் கீழே தள்ளும். மேலும் கீழுமாக இறுகிக்கொண்ட மீனைப் பெரிய சுறாவாலும் வெளியே இழுக்க முடியாது. அவசரத்தில் வாலின் முனை மட்டும் பொந்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாறையில் வரிசையாக மீன் வால்கள் முளைத்திருப்பதுபோன்ற அந்தக் காட்சியைக் கடலில் முக்குளிப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

வலையில் சிக்கும்போதும் இதே முள்தான் தொல்லை. நிமிர்ந்த முள் வலைக் கண்ணில் மாட்டிக்கொள்ளும். விவரம் தெரியாதவர் இழுத்தால் வலை கிழியும், கையும் கிழியும். தெரிந்தவர் இரண்டாவது முள்ளை அழுத்தி ஒரு நொடியில் விடுவித்துவிடுவார். வீட்டில் மீனைச் சுத்தம் செய்யும் பெண்களும் இந்த நுணுக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

உடல் முழுவதும் கெட்டியான செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் நெருங்கி அமைந்து ஒரு கவசமாக இருக்கின்றன. வயிற்றுத் துடுப்புகள் தேய்ந்து ஒரு சிறு முனையாகிவிட்டன. செவுள் திறப்போ, தோள் துடுப்பின் அருகே ஒரு சிறு பிளவு மட்டுமே. நீந்தும் முறையும் மற்ற மீன்களைப் போன்றது அன்று. முதுகிலும் அடியிலும் எதிரெதிராக உள்ள இரண்டு மென் துடுப்புகளையும் அலை அலையாக அசைத்தே நகர்கிறது. வேகமாக ஓட வேண்டிய நேரத்தில் மட்டுமே வாலைப் பயன்படுத்தும். கவசம் போட்டவன் ஓட்டப்பந்தயத்தில் முந்த முடியாது. ஆகவே பொந்தை விட்டுத் தொலைவில் போவதில்லை. பிடிபட்டதும் உறுமுவது போன்ற ஒலியும் எழுப்பும்.

உணவும் முட்டையும்

நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணிய உயிரினங்களும், பாறைகளில் வளரும் கடற்பஞ்சுகளும் கறுப்புக் கிளாத்தியின் உணவு. முட்டைகளை மற்றப் பல மீன்களைப்போல் நீரில் மிதக்க விடாமல், கடலடியில் சிறு குழி பறித்து அதில் இடுகிறது. பொரியும் வரை பெண் மீன் காவல் இருக்கும். குஞ்சுகள் சில காலம் நீரோட்டத்தோடு மிதந்து திரிந்துவிட்டுப் பிறகே பாறைக்கு வருகின்றன.

காவல் குணத்தில் இதன் உறவினரான டைட்டன் கிளாத்தியை மிஞ்ச எதுவும் இல்லை. 75 செ.மீ. வரை வளரும் இந்தப் பெரிய மீன், குழிக்கு மேலே உள்ள நீர்ப்பரப்பு முழுவதையும் தன் சொத்தாகக் கருதும். அங்கு வரும் மனிதனையும் துரத்திக் கடிக்கும். சங்கு நொறுக்கும் பல் என்பதால் காயமும் ஆழமாகவே இருக்கும். மேல் நோக்கி நீந்தித் தப்ப முயன்றால் அது விடாது. பக்கவாட்டில் விலகிப் போவதே வழி.

பாறைக்கு ஓர் ஆந்தை

வயலில் எலிக்கு ஆந்தை எப்படியோ, பவளப் பாறையில் கடல் முள்ளெலிக்குக் கிளாத்தி இனத்தின் சில மீன்கள் அப்படி. கடல் முள்ளெலி என்பது உருண்டையான உடலைச் சுற்றிலும் நீண்ட முட்கள் கொண்ட பிராணி. இது பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும்போது பவளச் சுண்ணாம்பையும் சேர்த்துத் தேய்த்துவிடும். அளவாக இருந்தால் குற்றமில்லை. பெருகிவிட்டால் பாறையே கரைந்து போகும்.

இதன் முட்களுக்கு அஞ்சிப் பெரும்பாலான மீன்கள் அருகில் வருவதில்லை. கிளாத்திகளின் கண்கள் வாயிலிருந்து வெகு தூரம் தள்ளி, தலையின் மேற்பகுதியில் அமைந்திருப்பதால் முள் கண்ணில் குத்தும் என்ற பயம் இல்லை. சில வகைகள் வாயிலிருந்து நீரைப் பீய்ச்சி முள்ளெலியைப் புரட்டிப் போட்டு, முள் குறைந்த அடிப்பக்கத்தைக் கடித்துத் தின்னும்.

ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டுக் கடற்கரையில் மக்லனஹன் என்ற ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. மீன்பிடிப்பு தடை செய்யப்பட்ட கடல் பூங்காக்களில் ஆரஞ்சு வரிக் கிளாத்தி இருந்தது, முள்ளெலிகள் குறைவு, பவளம் செழித்திருந்தது. தடையில்லாத பகுதிகளில் அந்த மீன் அற்றுப் போயிருந்தது, முள்ளெலிகள் பெருகியிருந்தன, பாறை தேய்ந்து கொண்டிருந்தது. பூச்சிமருந்தை அளவுக்கு மீறி அடித்து நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றுவிட்ட வயலில் புகையான் பெருகுவதைக் கண்ட விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக இங்கே பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. 1986-இல் இப்பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பாறைகள் இருந்தால்தான் கிளாத்தியும் இருக்கும். பாறை மீன்கள் இருந்தால்தான் பாறையும் நிலைக்கும்.

பெருகியது நிலைக்குமா?

இப்போது கறுப்புக் கிளாத்தி ஏராளமாகக் கிடைக்கிறதே, அள்ளி மாவாக்கினால் என்ன என்று கேட்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கானா நாட்டின் கடலில் மக்கள் பெரிதும் நம்பியிருந்தது ஒரு வகை மத்தி மீன். 1973-இல் அந்த மீன்வளம் சரிந்தது. அதே காலத்தில் சாம்பல் கிளாத்தி என்ற மீன் திடீரென்று பெருகத் தொடங்கி, கினி வளைகுடாவிலும் அதற்கு வடக்கே உள்ள கரைகளிலும் எங்கு வலை போட்டாலும் அதுவே வந்தது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. பிறகு 1980-களின் இறுதியில் வந்தது போலவே போய்விட்டது. மத்தி மீண்டும் தலையெடுத்தது. கடல் நீரின் தன்மை மாறியது ஒரு காரணம், போட்டி மீன்கள் குறைந்தது ஒரு காரணம் என்று பலவாறாகச் சொல்லப்படுகிறது. ஒரு மீன் இன்று குவிகிறது என்பதால் நாளையும் குவியும் என்று கணக்குப் போட்டு ஆலைகளையும் படகுகளையும் பெருக்குவது ஆற்றில் ஒரு பருவம் வெள்ளம் வந்ததை நம்பி மூன்று போகம் நெல் வைப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோ மீன் மாவு செய்ய 4 முதல் 5 கிலோ பச்சை மீன் தேவைப்படுகிறது. நேரடியாக மனிதன் உண்ணக்கூடிய மீனை இப்படி மாவாக்கிக் கோழிக்கும் இறாலுக்கும் போடுவது, உண்ண வழியற்ற மீனாக இருந்தால் சரி. கிளாத்தி அப்படிப்பட்டது அன்று. சதையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு கழிவை மாவுக்கும் எருவுக்கும் விடுவதே முறை.

வாங்குவோர் கவனத்துக்கு

கிளாத்தியை எப்போதும் தோலோடும் தலையோடும் முழு மீனாகவே வாங்க வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்வதற்குத் தகுந்த காரணம் உண்டு. விஷம் உள்ள பேத்தை மீனும் கிளாத்தியும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவுகள். தோலை உரித்துத் தலையை வெட்டித் துண்டாக்கி வைத்துவிட்டால் எது கிளாத்தி, எது பேத்தை என்று அனுபவசாலிக்கும் சொல்வது கடினம். பேத்தையின் விஷம் சமைப்பதால் அழியாது. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. உண்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப் போகும்; பிறகு கை கால் தளர்ந்து மூச்சுத் திணறும். அப்படி ஏதாவது தோன்றினால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆகவே மலிவு என்று பெயர் தெரியாத உரித்த மீனை வாங்க வேண்டாம். முழு மீனைத் தேர்ந்தெடுத்து, கண் முன்னால் உரிக்கச் செய்து வாங்கலாம். முதுகில் பூட்டிக்கொள்ளும் முள்ளும், சிவந்த பல்லும், பிறை வாலும் கறுப்புக் கிளாத்திக்கு அடையாளங்கள். பேத்தைக்குப் பூட்டிக்கொள்ளும் முள்ளும் சிவந்த பல்லும் கிடையாது.

டைட்டன் கிளாத்தி போன்ற மிகப் பெரிய பாறை மீன்களையும் தவிர்ப்பது நல்லது. பாசியில் உண்டாகும் ஒரு வகை நஞ்சு சிறு உயிர்கள் வழியாக ஏறி இத்தகைய பெரிய மீன்களின் உடலில் சேர வாய்ப்புண்டு. அதுவும் கொதிக்க வைத்தால் போகாதது. எந்தப் பாறை மீனானாலும் ஈரலையும் குடலையும் சமைக்க வேண்டாம்.

புதிய மீனா என்று பார்ப்பதிலும் சிறு சிக்கல் உண்டு. மற்ற மீன்களில் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். வயிற்றை அழுத்திப் பார்ப்போம். கிளாத்தியின் செவுள் திறப்பு சிறு பிளவு என்பதால் உள்ளே எளிதில் தெரியாது. தோல் தடிப்பு என்பதால் கெட்டுப்போன மீனும் அழுத்தினால் கெட்டியாகவே இருக்கும். கண் தெளிவாக இருக்கிறதா, நாற்றம் இல்லாதிருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

விலையைக் கணக்கிடும்போது தோலும் தலையும் எடை பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு கிலோ மீனில் சதை அரைக் கிலோவுக்கும் குறைவாகவே தேறும். எனவே மற்ற மீனின் விலையில் பாதிக்குக் கிடைத்தால்தான் உண்மையில் மலிவு எனலாம். இத்தகைய கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன்களில் 100 கிராமுக்குச் சுமார் 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. நடு முள்ளை எடுத்துவிட்டால் சதையில் சிறு முட்கள் குறைவு என்பதால் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்.

உரிக்கும் முறை எளிது. முதலில் இரண்டாவது முள்ளை அழுத்தி முதுகு முள்ளை மடக்கிவிட்டு, அதைச் சுற்றிக் கீறி எடுக்க வேண்டும். தலைக்குப் பின்னால் குறுக்காக வெட்டி, முதுகோரமும் வயிற்றோரமும் வால் வரை தோலை மட்டும் கீற வேண்டும். பிறகு வெட்டிய முனையை ஒரு துணியாலோ குறடாலோ பற்றி வால் பக்கமாக இழுத்தால் தோல் ஒரே துண்டாக உரிந்து வரும். அரிவாள்மனையில் செதிலைச் சுரண்ட முயன்றால் மனை மழுங்குமே தவிரச் செதில் போகாது. சதை குழம்பில் கரையாமல் நிற்கும், வறுப்பதற்கும் ஏற்றது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த நாள்களில் புதிது என்று சொல்லப்படும் கிளாத்தி எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது.

தோலும் தலையும்

கழிவை வீணாக்க வேண்டியதில்லை. மீன் எருவில் 4 முதல் 10 சதவீதம் வரை தழைச்சத்தும், 3 முதல் 9 சதவீதம் வரை மணிச்சத்தும் உண்டு. சாம்பல் சத்து மட்டும் மிகக் குறைவு, 1.5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கிளாத்தியின் தோலும் எலும்பும் கெட்டியானவை என்பதால் அப்படியே போட்டால் மக்க நாளாகும். கத்தியால் சிறு துண்டுகளாக்கி, மண்ணும் இலைச் சருகும் மாறி மாறிப் பரப்பிய குழியில் இட்டு, மேலே ஓர் அடி மண் மூடிவிட வேண்டும். மண் மூடாவிட்டால் ஈயும் நாயும் வந்து சேரும். மக்கிய எருவைத் தென்னைக்கு அடிமரத்திலிருந்து 5 அடி தள்ளி வட்டப் பாத்தியில் இடலாம். சாம்பல் சத்துக் குறையை ஈடு செய்ய அடுப்புச் சாம்பலையோ பொட்டாஷ் உரத்தையோ சேர்த்து இடுவது தென்னைக்கு இன்றியமையாதது.

மென்மையான குடல், செவுள் ஆகியவற்றைச் சம எடை நாட்டுச் சர்க்கரையுடன் கலந்து, மண் பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ காற்றுப் புகாமல் மூடி 21 நாள்கள் வைத்தால் மீன் அமிலம் கிடைக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வீதம் கலந்து காய்கறிப் பயிர்களுக்கு மாலை வேளையில் தெளிக்கலாம். வீட்டுக் கோழிகளுக்குக் கிளாத்திக் கருவாட்டுத் தூளைத் தீவனத்தில் சேர்ப்பவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புப் போட்டுக் காய்ந்த கருவாடானால் கோழிகளுக்குக் கழிச்சல் ஏற்படும். உப்பில்லாமல் உலர்த்தியதையே பயன்படுத்த வேண்டும். அதையும் முட்டையில் மீன் வாடை தெரிந்தால் உடனே குறைத்துவிட வேண்டும்.